கறுப்பர் நகரத்தில் ஒரு வங்காளி

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பெரியபாளையம் பவானி அம்மன் கோயில் தெருவில் விடிவதற்கு முன்பே கூட்டம் நெரிய ஆரம்பித்துவிடும். வேப்பஞ்சேலை கட்டிப் பிரதட்சணம் முடித்தவர்கள் நடந்த இடமெல்லாம் தரையில் ஈரமும் வேப்பிலையும் ஒட்டிக் கிடக்கும். ஆரணியாற்றுப் பாலத்துப் பக்கம் இருக்கிற டீக்கடையில் நான் நின்றிருந்தபோது, பெஞ்சில் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்து பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். நெற்றி நிறையக் குங்குமம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்குகிற ஆலை ஒன்றில் வேலை. சொந்த ஊர் மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத் பக்கம். 'பவானி' என்ற பெயரைக் கேள்விப்பட்டு, புதுவாயல் வரை வந்து பஸ் மாறி வந்திருக்கிறார்கள்.

"அண்ணா, இது துர்காதானே?" என்று ஒருவன் கேட்டான்.

"அப்படித்தான் வெச்சுக்கோ தம்பி. கம்சன் கையிலிருந்து தப்பின மாயை இங்கே வந்து உட்கார்ந்ததுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க."

பேச்சுப் படிப்புப் பக்கம் போனது. பத்தாவது முடித்திருக்கிறான். மைக்கேல் மதுசூதன் தத்தர் பாடம் உண்டா என்று கேட்டேன். அவன் முகம் மாறிவிட்டது. கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு, 'அபிஷேக்' பாடத்தைச் சொல்ல ஆரம்பித்தான். மேகநாதனுக்கு இராவணன் சேனாபதிப் பட்டம் கட்டுகிற இடம்; மேற்கு வங்கத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கிறது. எனக்கு வங்காளம் தெரியாது. ஆனால் ஒன்று காதில் விழுந்தது. அவன் அடி முடிகிற இடத்தில் மூச்சு விடவில்லை. அடியின் நடுவில் நிறுத்தினான், அடுத்த அடிக்குள் ஓடினான், அங்கே எங்கோ நிறுத்தினான்.

"இதை எழுதினவர் சென்னையில எட்டு வருஷம் இருந்தார், தெரியுமா?"

நம்பவில்லை. "சென்னையில என்ன வேலை அண்ணா?"

"பள்ளிக்கூடத்து வாத்தியார். பத்திரிகை வேலையும் பார்த்தார்."

நண்பனிடம் வங்காளத்தில் ஏதோ சொன்னான். இருவரும் என்னை இன்னொரு தடவை பார்த்தார்கள்.

அவன் நம்பாததில் வியப்பில்லை. நமக்கே அது தெரியாது. பங்கிமும் தாகூரும் சரத்சந்திரரும் த.நா.குமாரசாமி, த.நா.சேனாபதி போன்றவர்களின் கைவண்ணத்தில் தமிழ் வீடுகளுக்குள் வந்து சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் முன்னோடி, நம் தெருக்களில் நடந்தவர், நம் மொழியைத் தினமும் உட்கார்ந்து படித்தவர். அவரை மட்டும் நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம். வங்கக் கவிதை திரும்பிய திருப்பம் கல்கத்தாவில் நடந்தது என்று புத்தகங்கள் சொல்லும். அந்தத் திருப்பம் அவர் மனசுக்குள் நடந்த இடம் சென்னை. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கரை இறங்கிய கதை

மதுசூதன் பிறந்தது 1824 ஜனவரி 25. ஜெஸ்ஸோர் மாவட்டத்துச் சாகர்தாரி, கபதாட்ச நதிக் கரை. இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது. அப்பா ராஜ்நாராயண் தத்தர் கல்கத்தாவில் பேர்பெற்ற வக்கீல். அம்மா ஜாஹ்னவி தேவி. ஒரே வாரிசு, செல்லத்துக்குக் குறைவில்லை. இந்துக் கல்லூரியில் படித்தபோது பையனுக்கு ஒரே ஆசை: ஆங்கிலத்தில் பெரிய கவியாக வேண்டும், அதற்கு இங்கிலாந்து போக வேண்டும். பைரன் பித்து. வங்காளத்தில் எழுதுவது அவருக்கு அப்போது தாழ்வாகத் தெரிந்தது.

வீட்டில் பெண் பார்த்து முடித்தார்கள். பார்க்காத பெண்ணைக் கட்டிக்கொள்ளமாட்டேன் என்று 1843 பிப்ரவரி 9 அன்று கிறிஸ்தவரானார். உறவினர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஞானஸ்நானத்துக்கு முன்பு அவரை வில்லியம் கோட்டைக்குள் வைத்துப் பாதுகாத்தார்களாம். இந்துக் கல்லூரிக் கதவு அடைபட்டது. பிஷப் கல்லூரியில் சேர்ந்து கிரேக்கம், லத்தீன், சம்ஸ்கிருதம் படித்தார். கொஞ்ச காலம் பணம் அனுப்பிய அப்பா பிறகு நிறுத்திவிட்டார். கையில் காசு இல்லை, ஊரில் முகம் கொடுப்பார் இல்லை. 1847 கடைசியில் கப்பலேறினார்.

1848 ஜனவரி 18 அன்று சென்னை. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சும். கயிற்றால் பலகை தைத்த மசூலாப் படகில் ஏறி, அலை தூக்கித் தூக்கிப் போட, நனைந்துதான் கரை சேர வேண்டும். அப்படி வந்தவரிடம் இருந்தது படிப்பு மட்டும். கோட்டைக்கு வடக்கே, இன்று ஜார்ஜ் டவுன் என்று நாம் சொல்கிற கறுப்பர் நகரத்தில், அநாதைக் குழந்தைகள் காப்பகத்தோடு சேர்ந்த பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. அதே காப்பகத்தில் வளர்ந்த ரெபெக்கா என்ற பெண்ணை அதே ஆண்டு ஜூலை 31-இல் மணந்துகொண்டார். பெண் வெள்ளைக்கார வம்சம், மாப்பிள்ளை கறுப்பு. பெண் தரப்பில் எதிர்ப்புக் கிளம்பியது. பெரும்பாடு பட்டுத்தான் கல்யாணம் முடிந்தது என்று நண்பருக்கு எழுதியிருக்கிறார்.

சென்னை ஆங்கிலப் பத்திரிகைகளில் 'திமோதி பென்போயம்' என்ற புனைபெயரில் கவிதைகள் வந்தன. பிருதிவிராஜன், சம்யுக்தை கதையை வைத்து அவர் எழுதிய 'தி கேப்டிவ் லேடி' 1849-இல் சென்னையிலேயே புத்தகமானது. ஆங்கிலக் கவியாக உலகம் தன்னைக் கொண்டாடும் என்று காத்திருந்தார். சென்னையில் சிலர் பாராட்டினார்கள். கல்கத்தாப் பத்திரிகை ஒன்று கடுமையாகத் தாக்கியது.

அடி விழுந்தது அங்கே அல்ல. உயிர் நண்பர் கௌர்தாஸ் பைசாக், புத்தகத்தின் ஒரு பிரதியைக் கல்கத்தாவில் பெண்கள் பள்ளி தொடங்கிய பெத்தூன் துரையிடம் கொடுத்தார். பெத்தூன் படித்துவிட்டுச் சொன்னதன் சாரம்: இந்தப் பையனுக்குத் திறமை இருக்கிறது, ஆங்கிலம் கற்றதால் வந்த அந்தச் செழிப்பைத் தன் சொந்த மொழிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கௌர்தாஸ் அதை அப்படியே சென்னைக்கு எழுதிப் போட்டார்.

வேறு யாராக இருந்தாலும் கோபம் வந்திருக்கும். மதுசூதன் என்ன செய்தார் என்பது 1849 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ஒரு நாளை எப்படிக் கழிக்கிறேன் என்று நண்பருக்குக் கணக்குக் கொடுக்கிறார். காலை 6 முதல் 8 வரை ஹீப்ரூ. 8 முதல் 12 வரை பள்ளிக்கூடம். 12 முதல் 2 வரை கிரேக்கம். 2 முதல் 5 வரை தெலுங்கும் சம்ஸ்கிருதமும். 5 முதல் 7 வரை லத்தீன். 7 முதல் இரவு 10 வரை ஆங்கிலம். தமிழுக்கும் தினம் பல மணி நேரம் கொடுப்பதாக அதே கடிதத்தில் எழுதுகிறார். இத்தனையும் எதற்கு? முன்னோர் பேசிய மொழியை அலங்கரிக்கிற பெரிய காரியத்துக்குத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறேன் என்கிறார்.

25 வயது. வீட்டில் இளம் மனைவி. கடற்கரைப் புழுக்கம், எண்ணெய் விளக்கு. இன்றைக்கு ஷிப்டு முடிந்து வந்து, தகரக் கூரை அறையில் நாலு பேருக்கு நடுவே படுத்துக்கொண்டு செல்போனில் தமிழ் எழுத்துப் பழகுகிற வடநாட்டுப் பையனைக் கும்மிடிப்பூண்டியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கால அட்டவணைதான் ஞாபகம் வரும்.

அதே 1849-இல் எழுதிய இன்னொரு கடிதம்தான் என்னைக் கட்டிப்போட்டது. வங்காளத்தில் யாரும் பேசாத ஊரில் தன் மொழி வேகமாக மறந்துகொண்டே வருகிறது என்று சொல்லி, காசிராம் தாஸரின் வங்காள மகாபாரதத்தையும், செராம்பூரில் அச்சான வங்காள ராமாயணத்தையும் அனுப்பச் சொல்லிக் கேட்கிறார். ஊரில் இருந்தபோது தள்ளி வைத்த புத்தகங்கள் அவை. கல்கத்தாவில் கைக்கெட்டிய தூரத்தில் கிடந்ததைச் சென்னைக்கு வந்த பிறகு கப்பலில் வரவழைத்துப் படித்தார்.

வெளியூர் போனால்தான் தாய்மொழியின் அருமை தெரியும் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். அது போதாது. இங்கே அவர் தன்னைச் சுற்றித் தமிழும் தெலுங்கும் சந்தையிலும் சபையிலும் தலைநிமிர்ந்து உலவுவதைப் பார்த்தார். காவியம் என்றால் கிரேக்கத்திலும் லத்தீனிலும்தான் என்ற எண்ணம் உடைவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இருந்திருக்க முடியாது என்பது என் கருத்து.

1852-இல் சென்னைப் பல்கலைக்கழக உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். பவல் துரை தலைமையில் நடந்த அந்தப் பள்ளிதான் பின்னால் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. 'ஆங்கிலோ சாக்ஸனும் இந்துவும்' என்று அவர் ஆற்றிய சொற்பொழிவு 1854-இல் இங்கேயே அச்சானது. நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். அதற்கிடையில் கல்கத்தாவில் அம்மா போனார். 1855 ஜனவரியில் அப்பாவும் போனார். மகனுக்கு அப்பா செத்த செய்தியே பல மாதம் கழித்து, சொத்தைப் பங்காளிகள் சுருட்டுகிறார்கள் என்று கௌர்தாஸ் எழுதிய கடிதத்தில்தான் தெரிந்தது.

1856 தொடக்கத்தில் அவர் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். 

ரெபெக்காவும் பிள்ளைகளும் சென்னையில் நின்றுவிட்டார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. சக ஆசிரியர் ஒருவரின் மகள் ஹென்ரியட்டா பின்னால் கல்கத்தா போய் அவரோடு சேர்ந்துகொண்டார். கடைசிவரை அவர்தான் துணை. மதுசூதனை நேசிக்கிற எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. அவர் எழுதிய 'வீராங்கனா' முழுவதும், புராணப் பெண்கள் கணவனுக்கும் காதலனுக்கும் எழுதும் கடிதங்கள். சகுந்தலை எழுதுகிறாள், கைகேயி எழுதுகிறாள், ஜனா எழுதுகிறாள். சென்னையில் நான்கு குழந்தைகளோடு நின்ற ஒரு பெண் எழுதாத கடிதத்தையும் அந்தப் புத்தகத்தில் நான் சேர்த்தே படிக்கிறேன்.

ஐந்தே ஆண்டு

கல்கத்தாவில் நடந்தது ஒரு வெள்ளம். 1858-இல் பெல்கச்சியா நாடக மேடைக்காக 'ரத்னாவளி'யை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தவர், இப்படிப்பட்ட சுமாரான நாடகத்துக்கா இவ்வளவு செலவு என்று கேட்டுவிட்டுத் தானே வங்காளத்தில் எழுத உட்கார்ந்தார். 1859-இல் 'சர்மிஷ்டை' நாடகம். 1860-இல் 'பத்மாவதி', இரண்டு நையாண்டி நாடகங்கள், 'திலோத்தமா சம்பவம்'. 1861-இல் 'மேகநாத வதம்', 'விரஜாங்கனா', 'கிருஷ்ணகுமாரி'. 1862-இல் 'வீராங்கனா'. ஒரு வாழ்நாள் வேலையை ஐந்து ஆண்டுக்குள் முடித்துவிட்டார்.

டீக்கடைப் பையன் அடிநடுவில் மூச்சுவிட்டதற்குக் காரணமும் இந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது. பழைய வங்கக் கவிதைக்குப் 'பயார்' என்ற சந்தம். அடிக்கு 14 எழுத்து, எட்டில் ஒரு நிறுத்தம், இரண்டிரண்டு அடிகள் கடைசியில் இயைபு கொள்ளும். பொருளும் அந்த இரண்டடிக்குள் முடிந்தாக வேண்டும். வங்காளத்தில் இயைபு இல்லாமல் காவியம் வராது என்று ஜதீந்திரமோகன் தாகூர் சொல்ல, வரும் என்று மதுசூதன் பந்தயம் கட்டினார். 14 எழுத்தை வைத்துக்கொண்டு இயைபை வீசினார். வாக்கியத்தை அடி தாண்டி ஓடவிட்டார். அதற்கு 'அமித்ராட்சரம்' என்று பெயர்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் அதிசயம் குறைவாகத்தான் தோன்றும். நமக்கு அடியின் தலையில் எதுகை. அடி முடிவில் இயைபு கட்டாயமில்லை. அகவலில் ஒரு வாக்கியம் பத்து அடி, இருபது அடி ஓடிக் கடைசியில் வினைமுற்றில் போய் நிற்கும். சங்கப் புலவருக்கு அது மூச்சு விடுவது மாதிரி. ஆனால் மதுசூதன் தமிழைச் சொல்லவில்லை, மில்டனைத்தான் முன்மாதிரியாகச் சொன்னார்.

அம்பு எடுத்த சிறுவர்கள்

பெரியபாளையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் சிறுவாபுரி. சின்னம்பேடு என்றும் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டம் தச்சூர் வரை நிற்கும். அந்த ஊர்ப் பெயருக்கு எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. இராமனின் குதிரையைக் கட்டிப்போட்டு, இராமனையே எதிர்த்து லவகுசச் சிறுவர்கள் அம்பெடுத்த இடம். சிறுவர் அம்பெடு, சிறுவரம்பேடு. இந்த ஊர்க்காரர்களுக்கு இராமன்மேல் பக்தி குறைவில்லை. ஆனாலும் ஊரின் பெயர், எதிரே நின்று வில் வளைத்த பிள்ளைகளின் பெயர்.

மேகநாத வத காவியம் அந்த எதிர்ப்பக்கத்தில் நின்று பாடியது. நமக்கு இந்திரஜித்தாகத் தெரிந்தவன்தான் மேகநாதன். ஒன்பது சர்க்கம். இராவணனை நினைத்தால் தன் கற்பனை எழுச்சி கொள்கிறது என்றும், இராமன் பக்கத்துப் படைமேல் தனக்கு மதிப்பில்லை என்றும் நண்பர் ராஜ்நாராயண் பாசுவுக்கு வெளிப்படையாகவே எழுதினார் மதுசூதன்.

கம்பனில் இந்திரஜித்தின் முடிவு நமக்குத் தெரியும். நிகும்பலை யாகம் கலைகிறது. வெளியே வந்து களத்தில் போரிடுகிறான். நடுவில் அப்பாவிடம் போய், சீதையை விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பார்க்கிறான். கேட்காததால் திரும்பி வந்து சண்டையிட்டே சாகிறான். மதுசூதன் இந்தக் காட்சியைப் பூட்டிய கோயிலுக்குள் கொண்டுபோகிறார். மேகநாதன் தனியாக, ஆயுதமில்லாமல், பட்டுடுத்திப் பூஜையில் இருக்கிறான். மாயையின் உதவியால் கண்ணுக்குப் புலப்படாமல் இலக்குவனும் விபீஷணனும் உள்ளே வருகிறார்கள். ஆயுதம் எடுத்து வர அவகாசம் கேட்கிறான், இலக்குவன் தரவில்லை. கைக்குக் கிடைத்த பூஜைப் பாத்திரத்தைத் தூக்கி எறிகிறான். வாசலை மறித்து நிற்கிற சித்தப்பாவைப் பார்த்து, பகைவனுக்கு வீட்டு வழி காட்டியது யார் என்று இப்போதுதான் புரிகிறது என்கிறான். மதம் மாறியதால் சொந்த வீட்டிலிருந்து விலக்கப்பட்டவர் எழுதிய வரிகள் அவை என்பதை மறந்துவிட்டு என்னால் அந்த இடத்தைப் படிக்க முடிவதில்லை.

எட்டாம் சர்க்கத்தில் இராமன் உயிரோடு மறுலோகம் போய்த் தசரதனைச் சந்திக்கிறான். வால்மீகியில் இல்லாத அந்தப் பயணம் விர்ஜிலிடமும் தாந்தேயிடமும் கற்றது. சென்னையில் மாலை 5 முதல் 7 வரை படித்த லத்தீன் பன்னிரண்டு ஆண்டு கழித்து இப்படிப் பலன் கொடுத்தது. ஒன்பதாம் சர்க்கத்தில் மேகநாதனும் மனைவி பிரமீளாவும் கடற்கரையில் எரிகிறார்கள். இராவணன் அப்பாவாக மட்டும் நிற்கிறான். ஏழு நாள் இலங்கை அழுவதோடு காவியம் முடிந்துபோகிறது. வெற்றி, முடிசூட்டல் எதுவும் இல்லை. கம்பனின் இராவணன் சோகப் படலத்தைப் படித்து அழுதவர்களுக்கு இந்த முடிவு அந்நியமாக இருக்காது.

தமிழில் இதே பக்கத்தில் நின்று புலவர் குழந்தை 'இராவண காவியம்' பாடியது 1946. அரசு 1948-இல் தடை போட்டது, 1971-இல்தான் விலகியது. குழந்தையின் இராவணன் ஓர் இனத்தின் தலைவன். மதுசூதனின் இராவணன் பிள்ளையைப் பறிகொடுத்தவன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எவ்வளவோ பேசலாம்.

மேகநாத வதம் வெளிவந்த 1861-இல்தான் ரவீந்திரநாத் தாகூர் பிறந்தார். பதினாறு வயதில் இந்தக் காவியத்தைத் தாகூர் கிழித்துப் போட்டு விமர்சனம் எழுதினார். வளர்ந்த பிறகு, சிறுபிள்ளைத்தனமாக எழுதிவிட்டேன் என்று வருந்தி, அதன் பெருமையை ஒத்துக்கொண்டார்.

புகழின் உச்சியில் 1862-இல் மதுசூதன் பாரிஸ்டர் படிப்புக்கு இங்கிலாந்து கிளம்பினார். ஊரில் சொத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் பணம் அனுப்பவில்லை. பிரான்ஸில் வெர்சேல்ஸ் நகரத்தில் பெண்டாட்டி பிள்ளைகளோடு பட்டினி, கடன். ஈசுவர சந்திர வித்யாசாகர் கடன் வாங்கிப் பணம் அனுப்பி அவரை மீட்டார். அந்தப் பட்டினிக்கு நடுவில் உட்கார்ந்து வங்காளத்தில் பதினான்கு அடிக் கவிதைகள் எழுதினார். அதில் ஒன்று கபதாட்ச நதிக்கு. கிராமத்து ஆற்றை அவ்வளவு தூரத்திலிருந்து அவர் பாடினார். அந்தத் தொகுதி 1866-இல் வந்தது. திரும்பி வந்து உயர் நீதிமன்றத்தில் வக்கீல் தொழில் பார்த்தார். சம்பாதித்தார், அதைவிட வேகமாகச் செலவழித்தார். 1873 ஜூன் 26-இல் ஹென்ரியட்டா இறந்தார். மூன்று நாள் கழித்து, ஜூன் 29-இல், ஆலிப்பூர் ஆஸ்பத்திரியில் மதுசூதனும் போனார். 49 வயது. அவர் கல்லறையில் செதுக்கியிருப்பது அவரே எழுதிவைத்த வங்காளக் கவிதை. வழிப்போக்கனை ஒரு நிமிஷம் நிற்கச் சொல்கிறது. ஆங்கிலக் கவியாக வேண்டும் என்று வீட்டைவிட்டு வந்தவரின் கல்லறை எழுத்து.

2024-இல் அவர் பிறந்து 200 ஆண்டு. சாகர்தாரியில் ஆண்டுதோறும் அவர் பெயரில் மேளா நடக்கிறது. கல்கத்தாவில் பள்ளிப் பிள்ளைகள் கல்லறைக்கு மாலை போடுகிறார்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு தெருமுனையில், அல்லது அவர் பாடம் நடத்திய பள்ளியின் வழிவந்த கல்லூரியில், ஒரு கல்லில் மூன்று மொழியில் நாலு வரி எழுதி வைத்தால் என்ன? அந்த வழியாக இன்றைக்குத் தினமும் எத்தனை வங்காளிகள் போகிறார்கள்.

டீக்கடையில் பையன் இன்னும் கிளம்பவில்லை. "மேகநாத்துக்குத் தமிழ்ல என்ன பேரு அண்ணா?" என்றான்.

"இந்திரஜித்."

சொல்லிப் பார்த்தான். நண்பனும் சொல்லிப் பார்த்தான். பிறகு பாலத்துப் பக்கம் கை காட்டி, "இந்த நதி பேரு?"

"ஆரணியாறு."

எட்டிப் பார்த்தான். மணலும் நாணலும்தான் தெரிந்தன. "தண்ணி இல்லையே."

"ஐப்பசி, கார்த்திகையில வரும். மேலே பிச்சாட்டூர் அணையைத் திறந்தா கரை கொள்ளாது."

செல்போனை எடுத்து அந்தப் பேரை வங்காள எழுத்தில் அடித்து வைத்துக்கொண்டான். புதுவாயல் பஸ் ஹாரன் கொடுத்தது. படியில் தொற்றிக்கொண்டே, "கார்த்திகையில வர்றேன் அண்ணா" என்றான்.